அடுப்புக்குப் போகாத கட்டை

அத்தியாயம் ஏழு

ஷேக் மைதீன் பாயின் இரண்டு கைகளையும் முறித்துப் போட்டிருந்தார்கள். முழங்கைக்குக் கீழே இரண்டும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டப்பட்டுத் தலையணை மேல் கிடந்தன. முந்தின நாள் மத்தியானம்வரை அந்தக் கைகள்தான் சந்தைப்பேட்டைக் கடையில் கயிறு அளந்தன, விளக்கெண்ணெய் ஊற்றின, எங்கள் இரண்டு பேருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தன.

"இன்னும் இன்னா கேக்கணும் இவர?" பாயின் சம்சாரம் மெஹர் நிஷா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்க வந்துட்டுப் போனீங்க. வெளக்கு வைக்கறதுக்குள்ள நாலு தடிப்பசங்க வந்துட்டானுங்க. 'பட்டணத்தானுங்ககிட்ட இன்னாடா கதை சொன்னே'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க. கடையில ஆளே இல்லாதப்பதானே பேசினீங்க? அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அதைத்தாம்மா நானும் கேட்டுக்கினு இருக்கேன்," என்றார் தணிகைவேல்.

"யாரை?"

"என்னைத்தான்."

பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். மெஹர் நிஷா கதவைச் சாத்திவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தால் சாத்துவதற்கு முன்னால் செருப்பையும் கழற்றியிருப்பேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தணிகைவேல் புதுச்சேரிப் போலீசில் எழுத்தராக இருந்தவர். ஒரு தேர்தல் நாளில் ஓட்டுச்சாவடி வாசலில் நடந்ததை நடந்தபடியே எழுதி வைத்தார். அந்தக் குற்றத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஆரோக்கியம். பட்டணத்தில் வெள்ளைக்காரர்களை உட்கார வைத்துப் புஷ்புஷ் வண்டி தள்ளியவன். ஒரு துரைசாணி குடை முனையால் முதுகில் குத்தி வேகமாகப் போகச் சொன்ன அன்று, அவளை நடுத்தெருவில் வண்டியோடு விட்டுவிட்டு நடந்துவிட்டேன். வேலை இழந்த இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் சேர்ந்தோம். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் துடுக்காகிவிடும். இந்த வழக்கு தொடங்கியதிலிருந்து என் வாய் மூடவே இல்லை.

வழக்கு இதுதான். வில்லியனூருக்கும் அரியூருக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்தைப்பேட்டையில், பலராமன் என்பவன் கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் ஒரு முட்டுக்கட்டை. தேரை நிறுத்துவதற்காகச் சக்கரத்துக்கு அடியில் போடுகிற கட்டை. அதில் தச்சன் இருசப்பனின் அடையாளம், மூன்று உளி வெட்டு. போலீசுக்கு அது போதும். இருசப்பனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். நாளைக் காலையில் புதுச்சேரிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். போனால் தலை தப்பாது. அவன் பெண்சாதி வேலம்மாள் பட்டணம்வரை நடந்தே வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக இங்கே அலைகிறோம்.

தங்குவதற்கு இடம் கொடுத்தவர் ஊர்ப் பெரியவர் உலகநாதன். நெல்லும் கரும்புமாக நாற்பது காணிக்குச் சொந்தக்காரர், தேர்க் கமிட்டித் தலைவர். திருவிழாவில் ஊருக்கே அன்னதானச் சோறு வேகிற அடுப்பு அவர் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்கிறது. "ஏழைக்காக வந்திருக்கீங்க தம்பி, என் வூட்டுலதான் கை நனைக்கணும்," என்றார். வேளாவேளைக்கு வாழையிலை. பக்கத்திலேயே உட்கார்ந்து, அன்றன்றைக்கு நடந்ததை அக்கறையாக விசாரிப்பார். அப்பளம்கூட ஒரு மூலை உடையாமல் வரும்.

"முசே," என்றேன் தெருவில் இறங்கியதும். புதுச்சேரிப் பட்டணத்தில் மதிப்பான ஆளை அப்படித்தான் கூப்பிடுவோம். "நேத்து பாய் கடையில நாம பேசினத அந்த போலீஸ்காரன் பச்சையப்பன்தான் ஒட்டுக் கேட்டிருக்கணும். எதிர்த்தாப்புல நின்னு வெத்தல போட்டுக்கினு இருந்தான்."

"அவனுக்கு வெத்தலை போடறப்போ காது கேக்காது. முதல்ல பாய் சொன்னதை இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். 

முப்பது வருஷத்துக்கு முந்தி இந்தத் தேர்வீதியில் நாலு முரட்டு ஆட்கள் இருந்தார்கள். அம்மன் தேரின் நாலு சக்கரத்துக்கும் கட்டை போடுவது அவர்கள் வேலை. அவர்கள் நினைத்தால் ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுத்தாலும் தேர் நகராது. ஒரு வருஷம் ஒரு செட்டியார் வாசலில் தேர் நின்றுவிட்டது. "ஆத்தா கோவமா இருக்கா" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். செட்டியார் நடுங்கிப்போய்ப் பட்டுப்புடவையும் பதக்கமும் கொண்டுவந்து வைத்தார். உடனே தேர் கிளம்பிவிட்டது. புடவை அம்மனுக்குப் போனது. பதக்கம் போன இடம் தெரியவில்லை. அடுத்த வருஷம் இரண்டு வாசலில் நின்றது. நின்றது சாமி இல்லை, கட்டை. ஆனால் அதைச் சொன்னவனுக்கு மறுநாள் பல் இருக்காது.

அப்படி ஆரம்பித்ததுதான் தேர்வீதிக் கூட்டம். இப்போது சக்கரத்துக்கு ஒரு தலைவன், அவனுக்குக் கீழே நாற்பது தடிக்காரர்கள். முன் இடது சக்கரத்துக்குப் பாகூர்வரை உள்ள சாராயக்கடைகள். முன் வலது சக்கரத்துக்குச் சந்தைக் கடைகள். பின் இடது சக்கரம் கரும்பு வண்டிகளை மறிக்கும். பின் வலது சக்கரத்துக்குத் தேர்தல். அன்றைக்கு யார் ஓட்டுச்சாவடிக்குள் போகலாம், யார் கட்டுப்போட்ட தலையோடு வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். ஒரு சக்கரத்துத் தடிக்காரனுக்கு அடுத்த சக்கரத்துக்காரனைத் தெரியாது. நாலு தலைவர்களுக்கும் மேலே ஒருத்தன் இருக்கிறான். அவன் யார் என்று அந்த நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும். செத்துப்போன பலராமன் பின் இடது சக்கரம். பின் வலது சக்கரம் சிங்காரவேலு. பலராமன் கட்டியிருந்தது சிங்காரவேலுவின் அக்காவை.

"போன வருஷம் தனக்கொடி," என்று எடுத்துக் கொடுத்தார் தணிகைவேல்.

அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. தனக்கொடி புருஷன் இல்லாதவள். ஆற்றோரத்தில் இரண்டு காணி வைத்திருந்தாள். தடிக்காரர்கள் வந்து நிலத்தைக் கேட்டார்கள். முடியாது என்றாள். தேர் அவள் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றது. அன்றிலிருந்து ஊரே அவளைப் பாவி என்று ஒதுக்கிவைத்தது. பொதுக்கிணற்றில் தண்ணீர் மொள்ளக்கூட விடவில்லை. ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அதே கிணற்றில் மிதந்தாள். அவள் வாசலில் கட்டை போட்ட நாலு பேரில் பலராமனுக்கு மட்டும் அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. இந்த வருஷத்துத் தேர் நாள் நெருங்க நெருங்க, பாய் கடையில் வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறான். "இனிமே எவ வாசல்லயும் நிறுத்த மாட்டேன் பாய். எல்லாத்தையும் வெளிய சொல்லிடப் போறேன்." சொல்லி மூன்றாம் நாள் வாய்க்காலில் கிடந்தான்.

"ஒரு பொம்பளையக் கொன்னு, அத சாமி தலைமேல போட்டிருக்கானுங்க முசே. மேல இருக்கற அவன மட்டும் என் கையில குடுங்க."

"குடுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு கட்டையைப் பாக்கணும்."

போலீஸ் கச்சேரியில் பிரிகாதியே பச்சையப்பன் இடுப்பு வாரைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பிரிகாதியே என்றால் இந்தக் கச்சேரிக்கு அவர்தான் தலைமை. அவருக்குக் கீழே இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பூனை.

"கட்டையப் பாக்கணுமா? பாத்துக்கோ. அதுவா பேசப்போவுது?"

தணிகைவேல் அதைக் கையில் தூக்கினார். வாகை மரம், முழ நீளம், நல்ல கனம். கறுத்துப் பளபளத்தது. ஒரு பக்கத்தில் சக்கரத்தின் இரும்புப் பட்டா கடித்த பள்ளம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"விளக்கெண்ணெய்," என்றேன். "பிரிகாதியே, இத வெச்சுக்கினு இருக்காதீங்க. மோந்து பாத்ததுக்கே எனக்கு வயித்த கலக்குது."

பூனை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கம்பிக்குப் பின்னால் இருசப்பன் குந்தியிருந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வெளியே சுவரோரம் வேலம்மாள், பக்கத்து வீட்டில் வாங்கிய கஞ்சித் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அதைத் திறக்க அவனுக்கு மனசில்லை, எடுத்துப் போக அவளுக்கு மனசில்லை.

"இந்த வருஷம் எத்தனை கட்டை செஞ்சே?" என்று கேட்டார் தணிகைவேல்.

"எட்டு சாமி. சக்கரத்துக்கு ரெண்டு."

"கொலைக்கு முன்னாடியே குடுத்துட்டியா?"

"ஒரு வாரம் முன்னாடி. தேர்க்கொட்டாயில அடுக்கிட்டு வந்தேன்."

தணிகைவேல் என்னைப் பார்த்தார். நான் தேர்க்கொட்டகைக்கு ஓடினேன். எட்டும் இருந்தன. வெளுப்பாக, இழைப்புளி வாசனை போகாமல், மஞ்சள் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தன. திரும்பி ஓடிவந்து சொன்னேன்.

"எட்டும் அங்க இருக்குன்னா போலீஸ்ல இருக்கறது ஒம்பதாவது. தேரு அச்சு எண்ணெய் குடிச்சது. சக்கரத்துக்கு அடியில கெடந்தது. இந்த வருஷத்துத் தேரு இன்னும் ஓடவே இல்ல. இன்னிக்குத்தான் வெள்ளோட்டம். அப்போ அது போன வருஷத்துக் கட்டை!"

"மூணு நாளா தின்ன சோத்துக்கு இப்பதான் வேலை செஞ்சிருக்கே," என்றார் தணிகைவேல். "தேர் முடிஞ்சதும் பழைய கட்டை எங்க போவும்னு வேலம்மாளைக் கேளு."

கேட்டேன்.

"எங்க போவும்? அடுப்புக்குத்தாண்ணே," என்றாள் அவள். "சாமி தேர தாங்கின கட்டைய யாரும் வூட்டுல வெச்சுக்கக் கூடாது. எட்டையும் அம்மன் சோறு ஆக்குற அடுப்புல வெச்சு எரிச்சுடணும். எங்க மாமனாரு காலத்துலேருந்து அதான் வழக்கம்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எரிந்துபோன கட்டையைத் தேடி நான் சாம்பலிடம் வாக்குமூலம் வாங்க முடியுமா? கோபத்தில் எதிரே கிடந்த செங்கல்லை உதைத்தேன். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தணிகைவேல் என்னைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தேரை நிறுத்தச் சொல்றது யாரு?"

"கொடிக்காரரு. தேருக்கு முன்னால, ஓரமா சிவப்புக் கொடியோட நடப்பாரு. தூக்கினா ஓடும், எறக்கினா கட்டை."

"தனக்கொடி வாசல்ல அவர் கொடியை இறக்கினாரா?"

"இல்லேன்னு சத்தியம் பண்றாரு. தனக்கொடி அவருக்கு அக்கா மவ. அவரா எறக்குவாரு?"

"சக்கரத்தோரம் குனிஞ்சு கிடக்கறவனுக்கு எந்த வூடு வருதுன்னு தெரியுமா?"

"தெரியாது. சக்கரத்த வுட்டுக் கண்ண எடுத்தா கால் போயிடும்."

"அப்போ கொடி இறங்காம, வூடும் தெரியாம, நாலு பேரும் ஒரே நேரத்துல எப்படிக் கட்டை போட்டானுங்க?"

"கூட்டத்துலேருந்து வேற எவனோ சைகை காட்டியிருக்கான்!"

"அவன்தான் நாம தேடறவன். இன்னிக்கு வெள்ளோட்டத்துல, வழியில ஒரு இடத்துல, கொடிக்காரர் கால் பிசகின மாதிரி கொடியை இறக்காமலே ஓரமா உக்காந்துடுவாரு. நான் பேசியாச்சு. ஊரே தேரைப் பாக்கும். நீ தேரைப் பாக்காதே. கட்டை போடறவனுங்க கண்ணைப் பாரு."

"எந்த இடத்துல?"

"பெரியவர் வூட்டு வளைவுல. அங்கதான் இறக்கம். வடம் பிடிக்கறவங்க விட்டாலும் தேர் நாலு ஆள் நீளமாவது தானா உருளும். ஜனங்க ஒதுங்கி நிக்கணும். வடத்துக்காரங்களை நான் பாத்துக்கறேன். பெரியவர் வாசல்ல ஒருத்தரும் நிக்காம பாத்துக்கறது உன் வேலை."

சோறு போட்ட வீட்டு வாசலில் யாருக்கும் அடிபடக்கூடாது என்று நினைக்கிறார் போல, நல்ல மனசு என்று எண்ணிக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தேர் கிளம்பியது. சாமி இல்லாத வெறும் தேர்தான். ஆனாலும் சந்தைப்பேட்டை முழுக்கத் தெருவில் இருந்தது. மேளம் காதைப் பிளந்தது. நான் முன்னாலேயே பெரியவர் வீட்டு வாசலுக்குப் போய், "படியாண்ட பாம்பு! இவ்ளோ நீளம்!" என்று ஒரே ஒரு தரம்தான் கத்தினேன். வாசல் காலியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்து மேட்டில் நின்றிருந்த வைக்கோல் வண்டி மேல் ஏறிக்கொண்டேன். அங்கிருந்து தேரின் முகமும், இரண்டு பக்கமும் குனிந்து வருகிற கட்டைக்காரர்களும் நன்றாகத் தெரிந்தார்கள்.

நாலு பேர். அதில் பலராமன் இடத்தில் வந்தவன் புதுசு, பக்கத்து ஊர்க்காரன். சிங்காரவேலு பின் வலது சக்கரத்தில், பனைமரம் மாதிரி உயரம். தெருவின் அந்தப் பக்கம் வேப்பமரத்து நிழலில் கமிட்டிக்காரர்கள், பிரிகாதியே பச்சையப்பன், எல்லாருக்கும் நடுவில் வெள்ளை மேல்துண்டோடு உலகநாதன். தணிகைவேல் அவருக்குப் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

தேர் வளைவுக்கு வந்தது. இறக்கத்தில் சக்கரம் கொஞ்சம் வேகம் பிடித்தது. "அய்யோ!" என்று ஒரு குரல். கொடிக்காரர் கொடியைத் தூக்கிப் பிடித்தபடியே ஓர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வடம் பிடித்தவர்கள் வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் விலகினார்கள். தேர் திரும்பவில்லை. நேராக, பெரியவர் வீட்டு மதிலைப் பார்த்து உருண்டது.

ஜனங்கள் அலறினார்கள். ஆளாளுக்குக் கையைத் தூக்கி "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார்கள். எனக்கும் தேரைப் பார்க்கத்தான் கழுத்து திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைக்காரர்களின் கண்ணைப் பார்த்தேன்.

புது ஆள் சக்கரத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மற்ற மூன்று பேரும் தலையை நிமிர்த்தினார்கள். மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். வேப்பமரத்து நிழலை. அங்கே ஒரு வெள்ளை மேல்துண்டு தலைக்கு மேலே எழுந்து, சடாரென்று கீழே இறங்கியது.

மூன்று கட்டைகள் ஒரே சத்தமாக விழுந்தன. மதிலுக்கு ஒரு முழம் இருக்கும்போது தேர் முனகிக்கொண்டு நின்றது.

துண்டு உலகநாதனின் கையில் இருந்தது.

எனக்கு எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தது. நேற்று மத்தியானச் சாப்பாட்டில், ரசத்துக்கு அப்பளத்தைக் கடித்துக்கொண்டே, "இன்னிக்கு கயித்துக்கடை பாய் நல்லா வெவரமா பேசினாருங்க" என்று சொன்னது யார்? நான். பெரியவர் இரண்டாம் தரம் நெய் விடச் சொன்னார். அந்த நெய்க்கு நான் கொடுத்த விலை பாயின் இரண்டு கைகள். வண்டியிலிருந்து குதித்தேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன்.

"இன்னாடா நிக்கிறீங்க? தேர எடுங்கடா!" என்று உலகநாதன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் பெண்கள் அதற்குள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஆத்தா நின்னுட்டாடீ! பெரியவரு வாசல்ல நின்னுட்டா!"

முப்பது வருஷமாக அவர் ஊருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். அவர் வாசலிலேயே அதை ஒப்பித்தார்கள்.

"நல்லவேளை பெரியவரே, நீங்க கையைத் தூக்கினீங்க," என்றார் தணிகைவேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இல்லேன்னா மதில் போயிருக்கும்."

"மோதப் போவுதேன்னு பதறித் தூக்கினேன் தம்பி. யாரா இருந்தாலும் தூக்குவான்."

"வாஸ்தவம். இங்க முந்நூறு பேர் கையைத் தூக்கினாங்க. மூணு பேரும் உங்க கையை மட்டும் ஏன் பாத்தானுங்க?"

மேளம் நின்றுவிட்டது.

"பிரிகாதியே, அந்தக் கட்டையைக் கொஞ்சம் சிங்காரவேலுகிட்டக் குடுங்க," என்றார் தணிகைவேல். பச்சையப்பனின் போலீஸ்காரன் அதைக் கோணிப்பையில் கொண்டுவந்திருந்தான். தணிகைவேல் எப்படியோ முன்னாலேயே பேசி வைத்திருந்தார்.

சிங்காரவேலு கட்டையை வாங்கிப் புரட்டினான். பட்டா கடித்த பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினான். ஒரு தரம், இன்னொரு தரம்.

"இது பின் எடது. எங்க மாமாவோடது," என்றான். "தனக்கொடி வாசல்ல ஒன்றர மணி நேரம் சக்கரத்த தாங்கின கட்டை. இவ்ளோ ஆழமா வேற எதுவும் கடிபடல."

"தேர் முடிஞ்சு அதை யாரு எடுத்தது?"

"நான்தான். எட்டையும் நான்தான் தூக்கினு போயி அடுப்பாண்ட போட்டேன்."

"எந்த வூட்டு அடுப்பு?"

அவன் தேர் நிற்கிற வாசலைத் திரும்பிப் பார்த்தான். அம்மன் சோறு வேகிற அடுப்பு அந்த வீட்டுப் பின்கட்டில் இருப்பது சந்தைப்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். மூன்று நாள் அங்கேயே தின்ற எனக்குத்தான் உறைக்கவில்லை.

"சமையக்காரன் எவனாவது எடுத்திருப்பான்," என்றார் உலகநாதன். "ஒரு கட்டைய வெச்சு..."

"சமையக்காரன் எடுத்திருந்தா புதுசா பழசான்னு பாத்திருப்பான் பெரியவரே. அடுப்பாண்ட எரியாம மிஞ்சின கட்டையில உங்களுக்குத் தச்சன் குறி மட்டும்தான் தெரிஞ்சுது. கட்டையைக் கையால தொட்டு வேலை செஞ்சவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்."

சிங்காரவேலு அடிமேல் அடிவைத்து வந்தான். கட்டை இன்னும் கையில் இருந்தது. "அன்னிக்கு சாயங்காலம் மாமாவ பின்கட்டுக்கு வரச்சொல்லி நீதான் அனுப்பினே. நான்தான்யா போயி சொன்னேன். சாப்பாட்டுல கைய வெச்சிருந்த ஆள எழுப்பிக் கூட்டியாந்து உன் வாசல்ல வுட்டுட்டுப் போனேன். அப்பால இருசப்பன் கொன்னுட்டான்னு என் தோள்ல கை போட்டு அழுதியே! அவனைப் புடிக்க போலீசுக்கு என்னையே வழிகாட்ட வெச்சியே!"

"டேய், யாருகிட்டப் பேசறேன்னு..."

"உன்கிட்டத்தான்டா!"

கட்டையை ஓங்கினான். நான் நடுவில் விழுந்து அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பிடிக்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் அவன் அடித்துவிட்டால் இருசப்பனுக்காகச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. "கோர்ட்டுல சொல்லுடா, கோர்ட்டுல சொல்லு," என்று அவன் காதில் கத்தினேன். அவன் கட்டையை என் காலடியில் போட்டுவிட்டுத் தேருக்குத் திரும்பினான்.

பச்சையப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பெரிய மனுஷன் விஷயம். பட்டணத்துக்கு எழுதிக் கேட்டுத்தான்... இருசப்பன் காயிதம் வேற போயாச்சு. நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போவட்டும், அங்க போயி இதெல்லாம்..."

"அப்படியா?" என்றான் சிங்காரவேலு. பின் வலது சக்கரத்துக்கடியில் தான் போட்ட கட்டையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இது இருசப்பன் செஞ்ச கட்டை. அவன் வந்து அவன் கையால எடுக்கட்டும். அதுவரைக்கும் தேரு இங்கதான். எவனாவது தொட்டுப் பாருங்க."

மற்ற சக்கரத்துக்காரர்கள் இரண்டு பேரும் உலகநாதனைப் பார்த்தார்கள். துண்டு எழவில்லை. பிறகு சிங்காரவேலுவைப் பார்த்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள். கொடிக்காரர் மண்ணிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வடம் பிடித்த கைகள் வடத்தின் மேலேயே உட்கார்ந்தன. அந்தப் பெண்கள், ஒரு வருஷம் முந்தி தனக்கொடிக்குத் தண்ணீர் விடாத அதே பெண்கள், கலங்கிப்போய் மதிலோரமாக உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

கப்பி ரோடு முழுக்க அடைத்துக்கொண்டது. அரியூரிலிருந்து வந்த கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் கார் ஹாரன் அடித்தது. உள்ளே வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பச்சையப்பன் அதைப் பார்த்த மறுநிமிஷம் இடுப்பு வாரை இறுக்கினார்.

"போயி இருசப்பனக் கூட்டியா! ஓடு!"

இருசப்பன் ஒற்றைக் கண்ணோடு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, மூன்று கட்டைகளையும் தொட்டுப் பார்த்தான், பிளவு விட்டிருக்கிறதா என்று. தச்சன் புத்தி எங்கே போகும்? வடம் பின்பக்கம் இழுக்கப்பட்டது. ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். தேர் மதிலை விட்டு விலகியபோது உலகநாதனை இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் விட்டு நடத்திக்கொண்டு போனார்கள். மேல்துண்டு தெருவில் விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

வேலம்மாள் வந்து சிங்காரவேலுவின் சக்கரத்துக் கட்டையைப் புருஷன் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இத இன்னா பண்ணப்போற? திருவிழாவுக்கு வேணும்டி," என்றான் இருசப்பன்.

"திருவிழாவுக்கு வேற செஞ்சு குடு. நம்ம வூட்டுல அடுப்பு எரிஞ்சு அஞ்சு நாளாவுது."

கல் மாதிரி வாகைக் கட்டை. பிளப்பதற்குள் இருசப்பனுக்கு வேர்த்துவிட்டது. சோறு வெந்ததும் வேலம்மாள் ஒரு தூக்குச்சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "பாய் வூட்டுக்கு எடுத்துனு போண்ணே," என்றாள். தணிகைவேல் வரவில்லை. "நீதான் போகணும்," என்றார்.

மெஹர் நிஷா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். விலகி வழி விட்டாள். நான் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். அவர் சுவரிலிருந்து திரும்பினார்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"உலகநாதன், பாய்."

"அவன் வூட்டுலதானே தின்னுக்கினு இருந்தே? அங்கதான் என் பேரச் சொன்னியா?"

பொய் சொல்ல நூறு வழி இருந்தது. "ஆமாம் பாய். நான்தான் சொன்னேன்."

என் கை கவளத்தோடு அந்தரத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். கட்டுப்போட்ட தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இது யாரு வூட்டுச் சோறு?" என்று கேட்டார்.

"வேலம்மா வூட்டுது. இருசப்பன் வந்துட்டான்."

பாய் வாயைத் திறந்தார்.